பழைய கிணறு, புதிய எண்ணெய்: ‘பத்து மடங்கு’ என்ற கணக்கை எப்படிப் படிப்பது?

டாலஸ் பகுதியில் வசிக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் நமக்கு ஒரு விளக்கக் கோப்பை அனுப்பியிருந்தார். அவர் இருக்கும் வாட்ஸ்ஆப் குழுவில் வந்ததாம். தெற்கு டெக்சாஸின் ஈகிள் ஃபோர்டு பகுதியில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தோண்டிய எண்ணெய்க் கிணறுகளை ஒரு சிறு நிறுவனம் விலைக்கு வாங்குகிறது. அவற்றில் மறுபடியும் விரிசல் போட்டு உற்பத்தியை உயர்த்தப் போகிறது. அதில் நாமும் பங்குதாரர் ஆகலாம். கோப்பின் மூன்றாம் பக்கத்தில் பெரிய வரைபடம் ஒன்று. நாளொன்றுக்கு 40 பீப்பாய் தந்துகொண்டிருந்த கிணறு, வேலை முடிந்த மாதத்தில் 400 பீப்பாய் தந்ததாம். கீழே தடித்த எழுத்தில் “பத்து மடங்கு வெற்றி” என்று போட்டிருந்தார்கள்.

நண்பர் கேட்டது ஒரே கேள்வி: “இது உண்மையா?”

400 பீப்பாய் உண்மையாகவே இருக்கலாம். அதை வெற்றி என்று சொல்ல முடியுமா என்பது வேறு கேள்வி. எண்ணெய்த் துறைப் பொறியாளர்களே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அதற்கு விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஹூஸ்டனிலும் டாலஸிலும் மிட்லண்டிலும் இந்தத் துறையில் வேலை பார்க்கும் தமிழர்கள் நிறைய. அவர்களுக்கு நாம் சொல்லப் போவதில் பாதி தெரிந்த கதையாக இருக்கும். மென்பொருள் துறையில் சம்பாதித்து, எண்ணெயில் போடலாமா என்று யோசிப்பவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

நெடுவாசல் போராட்ட நாட்களில் செய்தி படித்தவர்களுக்கு ‘நீரியல் விரிசல்’ என்ற சொல் பழக்கமாகியிருக்கும். பூமிக்கடியில் ஒன்றிரண்டு மைல் ஆழத்தில் இருக்கும் ஷேல் பாறையில் எண்ணெயும் எரிவாயுவும் உண்டு. ஆனால் பாறை இறுகிக் கிடப்பதால் அவை தாமாக நகராது. கிணற்றைச் செங்குத்தாக இறக்கி, பிறகு பாறைப் படுகைக்குள் கிடைமட்டமாகத் திருப்பி ஒரு மைல், இரண்டு மைல் கொண்டுபோகிறார்கள். குழாயில் துளையிட்டு, தண்ணீரையும் மணலையும் சிறிதளவு ரசாயனங்களையும் பெரும் அழுத்தத்தில் செலுத்தினால் பாறை விரிசல் விடுகிறது. மணல் அந்த விரிசல் மூடிவிடாமல் தாங்கி நிற்கிறது. ஒரு கிணற்றுக்கே பல மில்லியன் காலன் தண்ணீர் தேவைப்படும். இந்த முறையால்தான் 2008இல் நாளொன்றுக்குச் சுமார் 5 மில்லியன் பீப்பாயாக இருந்த அமெரிக்காவின் கச்சா எண்ணெய் உற்பத்தி, 2024இல் 13 மில்லியனைத் தாண்டியது.

ஆனால் ஷேல் கிணறு வேகமாக வற்றும். முதல் ஆண்டிலேயே உற்பத்தி பாதிக்கும் கீழே போய்விடுவது சாதாரணம். அதன்பின் பல ஆண்டுகள் சொட்டுச் சொட்டாக வந்துகொண்டிருக்கும். பாறையில் இருக்கும் எண்ணெயில் பத்தில் ஒரு பங்கு மேலே வந்தாலே பெரிது. மிச்சம் அங்கேயே கிடக்கிறது. அதனால்தான் பழைய கிணற்றில் திரும்பவும் விரிசல் போடும் ஆசை வருகிறது.

ஆசைக்குக் காரணமும் இருக்கிறது. ஈகிள் ஃபோர்டில் ஷேல் உற்பத்தியைத் தொடங்கிவைத்த கிணறு 2008இல் லா சால் மாவட்டத்தில் பெட்ரோஹாக் நிறுவனம் தோண்டியது. அதையடுத்து வந்த நான்கைந்து ஆண்டுகளில் எல்லோரும் அவசர அவசரமாகத் தோண்டினார்கள். நிலக் குத்தகை காலாவதியாகும் முன் கிணறு இறக்கியாக வேண்டும் என்ற நெருக்கடி. துளைகளுக்கு இடையே 60 அடி, 80 அடி, சில இடங்களில் அதற்கும் மேல் விட்டார்கள். ஓர் அடிக்கு ஆயிரம் பவுண்டு மணல் போட்டாலே அன்று அதிகம். இன்று அந்த இடைவெளி 15 முதல் 30 அடி. மணல் 2,000 பவுண்டும் அதற்கு மேலும். அதாவது பழைய கிணற்றில் துளைக்கும் துளைக்கும் நடுவே தொடப்படாத பாறை நிறைய இருக்கிறது.

இதற்கு நல்ல முன்னுதாரணம் ஃபோர்ட் வொர்த் பக்கத்தில் உள்ள பார்னெட் ஷேல். ஜார்ஜ் மிட்செலின் நிறுவனம் அங்கே பல ஆண்டுகள் கூழ் போன்ற விலையுயர்ந்த திரவத்தால் விரிசல் போட்டுப் பார்த்தது. 1998 வாக்கில், கிட்டத்தட்ட வெறும் தண்ணீரோடு கொஞ்சம் வழுக்கும் பொருளை மட்டும் சேர்த்துச் செய்தபோது செலவு இறங்கியது, உற்பத்தியும் நன்றாக இருந்தது. பிறகு பழைய செங்குத்துக் கிணறுகளுக்குத் திரும்பிப்போய் அதே முறையில் மறுவிரிசல் போட்டார்கள். பல கிணறுகள் முதல் முறை தந்ததற்குச் சமமாகவும், சில அதைவிடக் கூடுதலாகவும் தந்தன. இன்றுவரை மறுவிரிசல் விற்பவர்கள் எல்லோரும் காட்டும் உதாரணம் இதுதான். அங்கே முதல் வேலை தவறான திரவத்தால் நடந்தது, அதனால் திருத்துவதற்கு இடம் இருந்தது என்பதை மட்டும் சொல்ல மறந்துவிடுவார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவின் எரிவாயு ஆய்வு நிறுவனம் இறுகிய மணற்பாறைக் கிணறுகளை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. அதிலிருந்து துறையில் நிலைத்துவிட்ட கணக்கு ஒன்று உண்டு. ஒரு வயலில் மறுவிரிசலால் கிடைக்கக்கூடிய பலனில் ஏறத்தாழ 85 விழுக்காடு, வெறும் 15 விழுக்காடு கிணறுகளில்தான் இருக்கிறது. ‘மறுவிரிசல் பலன் தருமா’ என்ற கேள்வியையே இது மாற்றிவிடுகிறது. எந்தக் கிணற்றில் என்று கேட்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுத்தால் நூற்றில் எண்பத்தைந்து தடவை, பலன் குறைவாக உள்ள கூட்டத்தில்தான் கை படும்.

இப்போது அந்த வரைபடத்துக்கு வருவோம்.

40 பீப்பாய் 400 ஆனது என்பதில் நாம் முதலில் பார்க்க வேண்டியது 400 அல்ல, 40. அந்த 40 எப்போது அளந்தது? வேலைக்கு முன் கிணற்றை மாதக்கணக்கில் மூடி வைத்திருந்தால், பாறைக்குள் அழுத்தம் மெல்ல ஏறியிருக்கும். மூடிய கிணற்றைத் திறந்தாலே, எந்த வேலையும் செய்யாமலே, சில வாரம் கூடுதலாக ஊறும். நம் ஊர்க் கிணற்றில் ஒரு நாள் இறைக்காமல் விட்டால் மறுநாள் தண்ணீர் ஏறி நிற்பது மாதிரிதான். இன்னொன்று, மறுவிரிசலின்போது உள்ளே படிந்த உப்பையும் மணலையும் சுத்தம் செய்கிறார்கள். இறைக்கும் பம்பையும் உள்குழாயையும் மாற்றுகிறார்கள். அந்தச் சில்லறை வேலைகளை மட்டும் செய்திருந்தாலே 40 என்பது 70 ஆகியிருக்கலாம். அதற்கு ஆகும் செலவு மறுவிரிசல் செலவில் சின்னப் பங்கு. அந்த 30 பீப்பாயையும் மறுவிரிசலின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

அடுத்து, மறுவிரிசல் போடாமலே விட்டிருந்தால் கிணறு என்ன தந்திருக்கும்? நடக்காத ஒன்றை அளக்க முடியாது, மதிப்பிடத்தான் முடியும். 1945இல் ஆர்ப்ஸ் என்பவர் வகுத்த சரிவுக் கோட்டு முறையைத்தான் இன்றும் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். பழைய உற்பத்திப் புள்ளிகளின் வழியே ஒரு வளைகோடு வரைந்து அதை எதிர்காலத்துக்கு நீட்டுவது. கோட்டை எந்த மாதத்திலிருந்து வரைகிறீர்கள், எவ்வளவு செங்குத்தாகச் சரிய விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். பழைய கோடு வேகமாகச் சரியும் என்று வைத்துக்கொண்டால் மறுவிரிசலின் லாபம் பெரிதாகத் தெரியும். மெதுவாகச் சரியும் என்றால் லாபம் சுருங்கும். இரண்டையும் யோக்கியமான பொறியாளர்களே வரையக்கூடும். விற்க வருபவர் எதை வரைவார் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நம் கற்பனைதான், ஆனால் நடைமுறைக்கு வெகு தூரத்தில் இல்லை. மறுவிரிசல் செலவு 4.5 மில்லியன் டாலர் என்று வைத்துக்கொள்வோம். புதுக் கிணற்றுக்கு ஆவதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. முதல் மாதம் 400 பீப்பாய். ஆனால் முதல் ஆண்டு முழுவதற்குமான சராசரி 220, இரண்டாம் ஆண்டு 100, மூன்றாம் ஆண்டு 70. மூன்று ஆண்டில் மொத்தம் 1,42,350 பீப்பாய். விலை 65 டாலர் என்றால் 9.25 மில்லியன். செலவுக்கு இருமடங்கு! கோப்புகளில் பெரும்பாலும் இந்த எண்தான் இருக்கும்.

சும்மா விட்டிருந்தாலும் அதே கிணறு மூன்று ஆண்டும் நாளொன்றுக்கு 38, 35, 32 என்று தந்திருக்கும். அதைக் கழித்தால் உண்மையில் கூடுதலாக வந்தது ஏறத்தாழ 1,04,000 பீப்பாய். அதில் நிலத்தடி உரிமையாளருக்கு ராயல்டி கால் பங்கு. 65 டாலரில் நம் கையில் நிற்பது 48.75. டெக்சாஸ் மாநில எண்ணெய் வரி 4.6 விழுக்காடு போனால் 46.50. இறைக்கவும், கூடவே வரும் உப்புத் தண்ணீரை அப்புறப்படுத்தவும் பீப்பாய்க்கு 12 டாலர் என்று வைத்தால் மிச்சம் 34.50. பெருக்கிப் பாருங்கள்: சுமார் 3.6 மில்லியன். போட்ட 4.5 மில்லியன் மூன்று ஆண்டு கழித்தும் திரும்பவில்லை. “பத்து மடங்கு வெற்றி” கண்ட அதே கிணறுதான்.

நான்காம் ஆண்டிலிருந்து என்ன ஆகும் என்பதுதான் முடிவு செய்யும். புதிய கோடு பழைய கோட்டுக்கு மேலேயே நெடுங்காலம் ஓடினால், புதிய பாறையிலிருந்து எண்ணெய் வருகிறது என்று பொருள். போட்ட பணம் மெல்லத் திரும்பும். இரண்டு கோடும் சீக்கிரம் ஒட்டிக்கொண்டாலோ, புதியது பழையதற்குக் கீழே போனாலோ, நாளை வரவேண்டியதை இன்றே இழுத்துக்கொண்டோம் என்றுதான் ஆகும். இதை மூன்று மாதத் தரவிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. 12 மாதமாவது வேண்டும். 18, 24 இருந்தால் நல்லது. ஆனால் முதலீடு திரட்டும் கோப்புகள் எப்போதும் முதல் 30 நாள், 60 நாள் உச்சத்தைத்தான் காட்டுகின்றன.

ராயல்டி பெறுபவருக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை. அவர் செலவில் பங்கு போடுவதில்லை. எவ்வளவு கூடுதலாக வந்தாலும் அவருக்கு வெற்றிதான். ஆகவே பக்கத்துப் பண்ணைக்காரர் மறுவிரிசலைப் புகழ்ந்தார் என்றால் அது அவர் கணக்கில் சரி. காசு போட்டவரின் கணக்கு வேறு.

இன்னும் சிக்கலானது பக்கத்துக் கிணறு. ஷேல் வயல்களில் ‘தாய்க் கிணறு’, ‘சேய்க் கிணறு’ என்று சொல்வார்கள். முதலில் தோண்டியது தாய்; பிறகு அதன் அருகே தோண்டுபவை சேய். தாய்க் கிணற்றைச் சுற்றியுள்ள பாறையில் அழுத்தம் குறைந்திருப்பதால், சேய்க் கிணற்றில் போடும் விரிசல் நேராகத் தாயை நோக்கி ஓடிவிடும். தாய்க்குள் தண்ணீரும் மணலும் புகுந்து கெட்டுப்போகும். சேயும் சரியாக வளராது. இதைத் தவிர்க்க, சேயைத் தொடுமுன் தாய்க் கிணற்றில் மறுவிரிசல் போட்டு அழுத்தத்தை ஏற்றுவது ஒரு தற்காப்பு வேலை. அப்படிச் செய்யும்போது தாய்க் கிணற்றில் லாபமே வராமல் போகலாம், ஆனாலும் மொத்த வயலுக்கு நன்மை. மாறாக, மறுவிரிசலில் வந்த எண்ணெய் பக்கத்துக் கிணற்றின் பங்கைப் பிடுங்கியதாகவும் இருக்கலாம். ஒற்றைக் கிணற்றின் வரைபடத்தை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டுமே தெரியாது.

சரி, உண்மை எண்களை நாமே பார்க்க முடியாதா? முடியும், ஓரளவுக்கு. டெக்சாஸில் எண்ணெய், எரிவாயுக் கணக்கை வைத்திருப்பது ரெயில்ரோடு கமிஷன். பெயரில்தான் ரயில், 2005க்குப் பிறகு ரயில்வே மீது அதற்கு எந்த அதிகாரமும் இல்லை. அதன் இணையதளத்தில் மாதாந்தர உற்பத்தியை யார் வேண்டுமானாலும் தேடலாம். ஆனால் ஒரு வலை இருக்கிறது. டெக்சாஸில் எரிவாயுவைக் கிணறு வாரியாகக் காட்டுவார்கள். எண்ணெயைக் குத்தகை வாரியாகத்தான் காட்டுவார்கள். ஒரு குத்தகையில் ஆறு கிணறுகள் இருந்தால் ஆறுக்கும் சேர்த்து ஒரே எண். வடக்கு டகோட்டாவில் கிணறு வாரியாகவே கிடைப்பதால், பாக்கன் வயலின் மறுவிரிசல் ஆய்வுகளை வெளியாட்கள் சரிபார்ப்பது எளிது.

நண்பர் அனுப்பிய கோப்பில் இருந்த குத்தகைப் பெயரை நாம் தேடிப் பார்த்தோம். உற்பத்தி ஏறியிருந்தது உண்மை. ஆனால் அந்தக் குத்தகையில் நான்கு கிணறுகள். அதில் ஒன்று, மறுவிரிசல் நடந்ததாகச் சொல்லும் அதே காலாண்டில் புதிதாக உற்பத்தி தொடங்கியிருக்கிறது. ஏறிய எண்ணெயில் எவ்வளவு பழைய கிணற்றுடையது, எவ்வளவு புதியதுடையது என்று அந்தப் பொது ஆவணத்திலிருந்து சொல்ல வழியில்லை. கோப்பில் அந்தப் புதுக் கிணற்றைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று நாம் சொல்லவில்லை. கேட்டால் விளக்கம் இருக்கலாம். ஆனால் கேட்காமல் அது வராது.

விரிசல் வேலைகளைப் பதிவுசெய்யும் ஃப்ராக்ஃபோகஸ் என்ற தளமும் உண்டு. ஒரே கிணற்று எண்ணுக்கு ஆண்டுகள் இடைவெளியில் இரண்டு தேதிகள் இருந்தால் அங்கே மறுவிரிசல் நடந்திருக்கிறது. அது தொடங்கியது 2011இல் என்பதால், அதற்கு முந்தைய முதல் வேலை பெரும்பாலும் அதில் இருக்காது. எவ்வளவு தண்ணீர், மணல் போட்டார்கள் என்பதையும் அதில் பார்க்கலாம்.

எப்படிச் செய்தார்கள் என்பதும் முக்கியம். 2015இல் எண்ணெய் விலை சரிந்து கிடந்தபோது மறுவிரிசல் பேச்சு பெரிதாகக் கிளம்பியது. ஹாலிபர்ட்டனும் பிளாக்ராக்கும் சேர்ந்து 500 மில்லியன் டாலர் ஒதுக்குவதாக அறிவித்தன. அப்போது அதிகம் புழங்கியது மலிவான வழி: பழைய துளைகள் அத்தனையும் திறந்திருக்க, மேலிருந்தே திரவத்தைச் செலுத்தி, நடுநடுவே கரையும் உருண்டைகளைப் போட்டுச் சில துளைகளை அடைத்து, திரவம் வேறு துளைகளுக்குப் போகும் என்று நம்புவது. திரவம் சுலபமான வழியைத்தான் தேடும்; ஏற்கெனவே வற்றிப்போன பகுதிக்குள் போய் உட்கார்ந்துவிடும். பலன் கிணற்றுக்குக் கிணறு தாறுமாறாக வந்தது, பேச்சும் அடங்கியது. இப்போது பலரும் செய்வது, பழைய குழாய்க்குள் சிறிய குழாய் ஒன்றை இறக்கி, சிமென்ட் ஊற்றிப் பழைய துளைகளை மூடி, புதிய இடங்களில் துளையிட்டு, புதுக் கிணறு போலவே கட்டம் கட்டமாகச் செய்வது. செலவு கூடும், குழாய் குறுகுவதால் சில கட்டுப்பாடுகளும் வரும். ஆனால் திரவம் எங்கே போகிறது என்பது கையில் இருக்கும். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் எரிசக்தித் துறையின் நிதியுதவியோடு ஈகிள் ஃபோர்டில் நடத்திய கள ஆய்வில், மறுவிரிசலைக் கண்ணாடியிழைக் கம்பிகளால் கண்காணித்தார்கள். எந்தத் துளை திரவத்தை வாங்குகிறது என்று பார்ப்பதற்கு அது ஒரு வழி. சிறு நிறுவனங்கள் இவ்வளவு செலவு செய்யாது. ஆனாலும் குழாய் இறக்கினார்களா, உருண்டை போட்டார்களா என்ற கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியும்.

அத்தோடு, எத்தனை கிணற்றில் செய்தார்கள்? கோப்பில் மூன்று கிணறுகளின் கதை இருக்கிறது. மூன்று செய்து மூன்றும் வென்றதா, பதினைந்து செய்து மூன்றைக் காட்டுகிறார்களா? அதே வயலில், அதே வயதில், மறுவிரிசல் போடாமல் விட்ட கிணறுகள் அதே காலத்தில் என்ன செய்தன? 85–15 கணக்கை நினைவில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

கடைசியாகப் பணம். இப்படிப்பட்ட தனியார் திரட்டல்களில் பெரும்பாலும் ‘தகுதி பெற்ற முதலீட்டாளர்’ மட்டும்தான் சேரலாம். தனியாளுக்கு ஆண்டு வருமானம் 2,00,000 டாலர், தம்பதிக்கு 3,00,000, அல்லது வசிக்கும் வீடு நீங்கலாக 1 மில்லியன் சொத்து. இருவரும் ஐ.டி.யில் இருக்கும் நம் குடும்பங்கள் பல இந்தக் கோட்டைத் தாண்டிவிட்டன. அதனால்தான் கோப்பு நம் குழுக்களுக்கு வருகிறது. தகுதி என்பது வருமானத்தைத்தான் குறிக்கிறது. எண்ணெயைப் பற்றித் தெரியுமா என்று யாரும் சோதிப்பதில்லை. தனியார் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைப் பற்றி அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையமே எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது.

கோப்பின் கவர்ச்சி வரிச்சலுகை. நட்டக் கணக்கைச் சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம் என்கிறது. சட்டத்தில் அதற்கு இடம் உண்டு, ஆனால் நிபந்தனையோடு: உங்கள் பொறுப்பை மட்டுப்படுத்தாத வடிவில் பங்கு வைத்திருக்க வேண்டும். விபத்தோ கசிவோ வழக்கோ வந்தால், போட்ட 50,000 டாலரோடு போகாமல் வீடு வரை வரக்கூடிய பொறுப்பு அது. பழைய கிணறு என்பதால் இன்னொன்றும் சேரும். கிணறு ஓய்ந்தபின் சிமென்ட் போட்டு மூடியாக வேண்டும். உரிமையாளர் யாரென்றே தெரியாமல் கைவிடப்பட்ட கிணறுகள் நாடெங்கும் குவிந்ததால்தான் 2021இன் உள்கட்டமைப்புச் சட்டத்தில் அவற்றை மூட 4.7 பில்லியன் டாலர் ஒதுக்கினார்கள். பெரிய நிறுவனம் தன் பழைய கிணற்றைச் சின்ன நிறுவனத்துக்கு விற்கும்போது, மூடும் கடமையும் கூடவே கைமாறுகிறது.

இவற்றையெல்லாம் நண்பரிடம் சொன்னோம். அவர் மறுக்கவும் இல்லை, பயந்துவிடவும் இல்லை. மூன்று கிணறுகளுக்கும் 18 மாத உற்பத்திக் கணக்கு, செய்த கிணறுகளின் முழுப் பட்டியல், அந்தப் புதுக் கிணற்றின் எண்ணெயை எப்படிப் பிரித்தார்கள் என்ற விவரம் ஆகியவற்றைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். இரண்டு வாரம் கழித்து வந்த பதிலில் புதிய வரைபடம் ஒன்று இருந்தது. இந்த மாதக் கடைசிக்குள் சேர்பவர்களுக்குச் சலுகை விலை என்றும் எழுதியிருந்தது. கேட்ட மூன்றும் இன்னும் வரவில்லை. அவரும் காசோலை எழுதவில்லை.